அணைத்த பின்னும் கொதிக்கும் உலை

ரூமில் மருந்து பற்றிக்கொண்டால் அணைக்கப் பார்க்காதே, ஓடிவிடு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் பழைய ஆட்கள் சொல்லும் புத்தி இது. சாதாரணத் தீயை மண்ணைப் போட்டு மூடினால், காற்று கிடைக்காமல் அது அணைந்துவிடும். பட்டாசு மருந்து அப்படியில்லை. கந்தகமும் அலுமினியப் பவுடரும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அவற்றோடு கலந்திருக்கும் வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. வெளிக்காற்றை நம்பி அது இல்லை. ஒரு பொறி பட்டுவிட்டால் நடுவில் நிறுத்த எந்த வழியும் கிடையாது. ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தும் போகும். மிச்சமிருப்பது புகைதான்.

சிவகாசியிலிருந்து நேர் தெற்கே, வான்வழியாக அளந்தால் சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே ஓடும் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றிலும் சுமார் 80 டன் யுரேனிய எரிபொருள் இருக்கிறது. பிளவுபடும் வகை யுரேனியத்தில் ஒரு கிலோ முழுவதும் பிளந்தால், 20,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு ஈடான ஆற்றல் வரும். மருந்தோடு பழகிய ஊர்க்காரருக்கு உடனே எழும் சந்தேகம் நியாயமானது. சில கிலோ மணி மருந்து உராய்ந்தாலே ஒரு கட்டடம் தரைமட்டமாகிறதே, இத்தனை டன் யுரேனியம் எப்படி ஆண்டுக்கணக்கில் வெடிக்காமல் இருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால் இன்னொன்றும் தெரியவரும். அணு உலையில் நாம் அஞ்ச வேண்டியது வெடிப்பதை அல்ல. நிறுத்திய பிறகு நடப்பதைத்தான் அஞ்ச வேண்டும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் பெரும்பகுதி யுரேனியம்-238. எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 அதில் 0.72 சதவீதம்தான். ஒரு யுரேனியம்-235 அணுக்கரு பிளக்கும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் சிதறி ஓடுகின்றன. அவற்றில் ஒன்று அடுத்த கருவைப் பிளந்தால் வினை தொடர்கிறது. சரவெடியில் ஒரு வெடியின் தீ அடுத்த வெடியின் திரிக்குப் போவது போலத்தான் இது, ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பிளவில் பிறக்கும் நியூட்ரான் வெகு வேகமாக ஓடும். அந்த வேகத்தில் யுரேனியம்-235 கருவில் சிக்கிப் பிளக்க வைக்கும் வாய்ப்பு குறைவு. வேகம் தணிந்தால் வாய்ப்பு பல நூறு மடங்கு கூடும். கூடங்குளத்தில் அந்த வேகத்தைத் தணிப்பது சாதாரணத் தண்ணீர். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்களின் மீது மோதி மோதி நியூட்ரான் தளர்கிறது. இப்படி வேகம் குறைக்கும் பொருளைத் தணிப்பான் என்பார்கள். எரிபொருளிலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும் அதே தண்ணீர்தான்.

அணுகுண்டில் தணிப்பான் கிடையாது. வேகமான நியூட்ரான்களை வைத்தே வினையை ஓட்ட வேண்டும் என்பதால், யுரேனியம்-235-ஐ 90 சதவீத அளவுக்குச் செறிவூட்டுகிறார்கள். கூடங்குளம் எரிபொருளில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. இந்த எரிபொருளை எப்படிக் குவித்தாலும், எப்படி உருக்கினாலும் அணுகுண்டு ஆகாது. ஆலையின் நிர்வாகம் நல்லதா கெட்டதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இயற்பியல் அதற்கு இடம் தராது.

தண்ணீர் சூடேறிக் கொதித்து நீராவியானால் என்ன ஆகும்? தணிப்பான் குறைகிறது, நியூட்ரான்கள் வேகம் தணியாமல் வீணாகின்றன, தொடர்வினை தானாகவே மங்குகிறது. வெடியுப்பு கலந்த மருந்துக்கு நேர் எதிரான குணம் இது. மருந்து சூடாகச் சூடாக இன்னும் வேகமாக எரியும். இந்த வகை உலை சூடானால் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும்.

இதை வடிவமைப்பாளர்களின் கணக்கை மட்டும் நம்பி ஏற்க வேண்டியதில்லை. இயற்கையே ஒரு முறை செய்துகாட்டியிருக்கிறது. 1972-இல் பிரான்சின் பியர்லாத் செறிவூட்டு ஆலையில், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டிலிருந்து வந்த யுரேனியத்தைச் சோதித்தவர்கள் ஒரு சின்னக் குறையைக் கண்டார்கள். யுரேனியம்-235 இருக்க வேண்டியது 0.720 சதவீதம், இருந்ததோ 0.717. மூன்றாவது தசம இடத்தில் ஒரு குறை, வேறு தொழிலாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அணு எரிபொருள் கணக்கில் அப்படி விட முடியாது. யாராவது திருடினார்களா என்ற கேள்வி வரை போனது. தேடிப் போனால், ஓக்லோ சுரங்கத்தின் பாறைக்குள் பிளவில் மட்டுமே உண்டாகக்கூடிய தனிமங்களின் மிச்சம் கிடைத்தது. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர் கைபடாமல் அங்கே அணு உலை ஓடியிருக்கிறது!

யுரேனியம்-235 தன் கூட்டாளியைவிட வேகமாகச் சிதைந்து குறைவதால், அந்தக் காலத்தில் இயற்கை யுரேனியத்திலேயே அதன் பங்கு இன்றைய உலை எரிபொருளுக்கு நெருக்கமாக இருந்தது. நிலத்தடி நீர் ஊறி வந்து தணிப்பானாக வேலை செய்தது. வினை தொடங்கியது, பாறை சூடானது, நீர் ஆவியாகிப் போனது, வினை நின்றது. பாறை ஆறியதும் நீர் மீண்டும் ஊறியது. 2004-இல் அலெக்ஸ் மெஷிக்கும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பாறையின் கனிமத் துணுக்குகளில் சிறைப்பட்டிருந்த செனான் வாயுவின் வகைகளை அளந்து, சுழற்சியின் நேரத்தையே கணக்கிட்டார்கள். அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடியிருக்கிறது, ஒரு முறைகூட வெடித்துச் சிதறவில்லை.

எல்லா உலைகளும் இப்படிச் சாதுவானவை என்று எண்ணிவிடக் கூடாது. 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபிலில் வெடித்த உலையில் தணிப்பானாக இருந்தது கிராஃபைட் எனும் கரி. அங்கே தண்ணீர் கொதித்து ஆவியானதும் வினை மங்குவதற்குப் பதில் எகிறியது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளிலும் குளிர்விக்கும் நீர் ஆவியானால் வினை சற்றுக் கூடும் தன்மை உண்டு. அதனால்தான் அவற்றில் உலையை நிறுத்தும் ஏற்பாடுகளின் மீது அத்தனை கவனம். அதே வளாகத்திலுள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையில் தணிப்பானே கிடையாது. அதைக் குளிர்விப்பது தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உருகிய சோடியம். ‘அணு உலை பாதுகாப்பானதா’ என்று பொதுவாகக் கேட்பவரிடம் ‘எந்த உலை?’ என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

சூடேறும்போது தானாக மங்கும் குணத்தோடு இன்னொரு சலுகையும் இயற்கை தந்திருக்கிறது. பிளவில் பிறக்கும் ஆயிரம் நியூட்ரான்களில் ஆறேழு மட்டும் உடனே வராமல், சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை பிந்தி வருகின்றன. உலையை இந்தப் பிந்திய நியூட்ரான்கள் இல்லாமல் தொடர்வினை நீடிக்காத அளவில்தான் ஓட்டுகிறார்கள். அதனால் வேகம் கூடுவதோ குறைவதோ மனிதரும் கருவிகளும் எட்டிப்பிடிக்கக்கூடிய நிதானத்தில் நடக்கிறது. கட்டுப்பாட்டுக் கோல்களை மேலே பிடித்து வைத்திருப்பது மின்சாரம். மின்சாரம் போனால் பிடி விட்டு, தம் எடையாலேயே கீழே விழுந்து, சில நொடிகளில் தொடர்வினையை அவை நிறுத்திவிடும்.

நின்றுவிட்டது. பட்டாசு ரூமாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். உலையில் இங்குதான் ஆரம்பம்.

கூடங்குளத்தின் ஒரு உலை 1,000 மெகாவாட் மின்சாரம் தர, உள்ளே 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு நாளைக்கு மூன்று கிலோ அளவு பிளவுபடுகிறது. பிளந்த கருக்களின் துண்டுகள் அயோடின், சீசியம், செனான் என்று நூற்றுக்கணக்கான வகைகள். அவற்றில் பெரும்பாலானவை நிலையற்றவை. கதிர்வீசிச் சிதைந்துகொண்டே வெப்பத்தை உமிழ்கின்றன. இந்தச் சிதைவு வெப்பத்தை எந்தக் கோலாலும் நிறுத்த முடியாது. ஏற்கெனவே நடந்துவிட்ட பிளவுகளின் மிச்சம் அது. அயோடின்-131 பாதியாகக் குறைய எட்டு நாள் ஆகும், சீசியம்-137-க்கு முப்பது ஆண்டு. நாம் அவசரப்படுத்தினாலும் அவை அவசரப்படுவதில்லை.

எவ்வளவு வெப்பம்? கேத்தரின் வே, யூஜின் விக்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1948-இல் இதற்கு ஒரு கணக்கு தந்தார்கள். நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல், மொத்தக் கூட்டமும் எந்த வேகத்தில் அடங்கும் என்று பார்த்தார்கள். பின்னர் எரிபொருளிலேயே அளந்து பார்த்து அந்தக் கணக்கைச் செம்மைப்படுத்தினார்கள். நிறுத்திய கணத்தில், ஓடிக்கொண்டிருந்த வெப்பத்தில் ஏறக்குறைய ஆறு ஏழு சதவீதம் மிஞ்சும். கூடங்குளம் அளவுக்கு அது 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து சுமார் 40 மெகாவாட். ஒரு நாள் கழித்து 15. ஒரு வாரம் ஆன பின்னும் ஏழெட்டு. குறைவது உண்மை, ஆனால் முதலில் வேகமாகவும் பிறகு அலுப்பூட்டும் நிதானத்திலும் குறைகிறது.

15 மெகாவாட் என்றால் எவ்வளவு? அந்த வெப்பத்தைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு இருபது டன் தண்ணீர் ஆவியாகும். கோடையில் சிவகாசித் தெருக்களில் வரும் தண்ணீர் லாரியில் பத்தாயிரம் லிட்டர் என்று வைத்தால், அரை மணிக்கு ஒரு லாரி. ஒரு லாரிகூடத் தவறாமல், இரவு பகலாக, நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கிற இடத்தில், தன் உலை நின்ற பிறகு, வெளியிலிருந்து வரும் மின்சாரமும் டீசல் ஜெனரேட்டரும்தான் கதி.

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் 1979 மார்ச் 28 அன்று உலை சில நொடிகளில் ஒழுங்காக நின்றது. ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. உள்ளே நீர் நிறைய இருப்பதாகத் தப்பாகக் கணித்த இயக்குபவர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். நின்றுபோன உலையின் எரிபொருள் பாதி அளவுக்கு உருகியது. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. அங்கும் உருகியவை நின்றுபோன உலைகள்தான்.

ஃபுகுஷிமாவில் கட்டடங்கள் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அது என்ன? அதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் சூடேறி ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதும், மழைக்காலத்தில் மருந்துச் சரக்கை ஈரம் அண்டாமல் காக்க வேண்டும் என்பதும் இங்கே தொழில் பாடம். உலை எரிபொருளைப் பொதிந்திருக்கும் குழாய்கள் சிர்க்கோனியம் என்ற உலோகத்தால் ஆனவை. குளிர்நீர் குறைந்து அவை மிதமிஞ்சிச் சூடாகும்போது நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கும். அந்த ஹைட்ரஜன் காற்றோடு கலந்து வெடித்தது. அணு வெடிப்பு அல்ல, வேதியியல் வெடிப்பு.

கூடங்குளத்தின் வடிவமைப்பு இந்தப் பாடங்கள் பலவற்றைத் தாங்கியே வந்திருக்கிறது. 1988-இல் ராஜீவ் காந்தி, கோர்பச்சேவ் காலத்தில் போட்ட ஒப்பந்தம் கிடப்பில் கிடந்து, 2002-இல் கட்டுமானம் தொடங்கி, முதல் உலை 2013 ஜூலையில் தொடர்வினையைத் தொட்டது. பம்பும் மின்சாரமும் இல்லாமலே சிதைவு வெப்பத்தை வெளியேற்றும் ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. நீராவி தானாக மேலெழுந்து, கட்டடத்துக்கு வெளியே காற்றால் குளிரும் குழாய்களில் நீராகி, தன் எடையாலேயே கீழே இறங்கும். ஹைட்ரஜனைச் சிறிது சிறிதாக நீராக மாற்றும் வினையூக்கிக் கருவிகள் உள்ளன. எல்லாம் கைவிட்டு எரிபொருள் உருகினால் பிடித்துக்கொள்ள உலைக்கலத்துக்கு அடியில் ஓர் உருகல் ஏந்தி இருக்கிறது. சுற்றிலும் இரட்டைச் சுவர்க் கட்டடம். காகிதத்தில் பார்த்தால், ஃபுகுஷிமாவின் பழைய உலைகளைவிட இது எவ்வளவோ மேல் என்றே சொல்வேன். சுனாமியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடி அனுபவமும் உண்டு: 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள்.

ஆனால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருப்பது என்றால் என்ன என்று சிவகாசிக்குத் தெரியும். பட்டாசு வேதியியலில் புதிர் எதுவும் மிச்சமில்லை. விதிகளும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ரூமுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ரூமுக்கு ரூம் இடைவெளி வேண்டும். கலந்த மருந்தைத் தேக்கி வைக்கக் கூடாது. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று அளவுக்கேற்ற உரிமங்கள். இருந்தும் தீபாவளி நெருங்கும்போது மரத்தடியிலும் வராந்தாவிலும் ஆள் உட்காருகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ரூம்கள் குத்தகைக்குப் போகின்றன. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை நிதானிப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் தீயைப் பார்த்து உதவ ஓடி வந்தவர்கள், அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 10-ஆம் தேதி, இடிந்தகரைக் கடற்கரையில் கூடங்குளம் எதிர்ப்பாளர்களைப் போலீஸ் விரட்டியது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. சிவகாசி அச்சகங்களும் ராஜபாளையம் நூற்பாலைகளும் ஜெனரேட்டர் புகையில் ஓடின. மின்சாரம் வேண்டும், உலை வேண்டாம், வேலை வேண்டும், வெடிவிபத்து வேண்டாம் என்ற நான்கையும் ஒரே மாதத்தில் ஒரே வட்டாரம் கேட்டது. நான்குமே நியாயமான கோரிக்கைகள்.

முதலிப்பட்டியில் தோற்றது வேதியியல் அல்ல. விதிக்கும் ரூமுக்கும் நடுவே நிற்க வேண்டிய கண்காணிப்பு தோற்றது. அணு உலைகளின் கண்காணிப்பாளர் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். நெடுங்காலம் அது அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பாகவே இருந்தது, ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலர். உலைகளை நடத்தும் அணுமின் கழகமும் அதே துறையின் கீழ்தான். இந்த வாரியத்துக்குச் சட்டப்படியான தன்னுரிமை போதவில்லை என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அதுவும் அதே 2012-இல்தான். அதற்காக வாரியம் கை கட்டி நின்றது என்றும் சொல்ல முடியாது. ரஷ்யாவிலிருந்து வந்த உதிரிகளின் தரம் பற்றிப் புகார் கிளம்பிய பின், 2013-இல் கூடங்குளத்தில் குறைபாடுள்ள நான்கு வால்வுகள் மாற்றப்பட்டன. உலையை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 6 தீர்ப்பில் உலை இயங்க அனுமதித்து, கூடவே 15 நிபந்தனைகளை விதித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களுக்கு இயற்பியல் தெரியாது என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்த நிபந்தனைகளை வாங்கித் தந்ததே அந்த வழக்குதான்.

இனி வரப்போவது பெரும் பெருக்கம். இந்தியாவில் அணுமின் திறன் 2025-இல் ஒன்பதாயிரம் மெகாவாட்டுக்குள் இருந்தது. மொத்த மின்சாரத்தில் அதன் பங்கு மூன்று சதவீத அளவு. 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட் வைத்த இலக்கு 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட். கூடங்குளத்திலேயே இன்னும் நான்கு உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்திருக்கிறது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தும் அதில் வந்தது. ஏறக்குறைய பதினோரு மடங்கு திறனுக்கு ஆய்வாளர்களும் பல மடங்கு வேண்டியிருக்கும். ‘இன்று ஓட்டாதே’ என்று சொன்னால் எதிர்க்கேள்வி இல்லாமல் நிற்கும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதைவிட அப்படிப்பட்ட ஆய்வாளரை உருவாக்க அதிகக் காலம் பிடிக்கும். சீசனுக்கு ஆள் சேர்ப்பதுபோல் அந்த வேலைக்கு ஆள் சேர்க்க முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகையும் சாம்பலும் செய்யும் தீங்கு ‘விபத்து’ என்ற தலைப்பில் எந்த நாளிதழிலும் வருவதில்லை. ஒரே நாளில் நாற்பது பேர் இறந்தால் செய்தி, ஆண்டு முழுக்க நுரையீரலில் சேர்வது செய்தியில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டவர்களின் பட்டியலில் நிலக்கரிதான் மேலே நிற்கிறது. அணுமின்சாரம், காற்றாலை, சூரியஒளி மூன்றும் வெகு கீழே இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் காற்றும் கமுதி வெயிலும் நமக்குப் பக்கத்திலேயே இருப்பது அதிர்ஷ்டம். ஆனால் காற்று ஓயும் மாதங்களின் இரவுகளுக்கு வேறு ஏதாவது வேண்டும்.

சிதைவு வெப்பத்தின் கடைசி அத்தியாயம் எரிந்து முடிந்த எரிபொருள். உலையிலிருந்து எடுத்து ஓராண்டு ஆன பின்னும் அதன் ஒரு டன், பத்து கிலோவாட் அளவில் வெப்பத்தை உமிழும். பத்தாண்டு கழித்தும் ஒரு கிலோவாட் அளவுக்குக் குறையாது. அதனால் முதலில் அது உலைக் கட்டடத்துக்குள்ளேயே ஆழமான நீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும். வெளியே தனிக் கிடங்கு கட்ட வேண்டும் என்பது 2013 நிபந்தனைகளில் ஒன்று. கேட்ட ஐந்தாண்டில் அது முடியவில்லை, 2018-இல் உச்ச நீதிமன்றம் மேலும் அவகாசம் தந்தது. உலையைக் கட்டிய அவசரம் கிடங்கைக் கட்டுவதில் இல்லை. கூடங்குளத்தைப் பற்றி இனி எந்த அதிகாரி ஊருக்கு வந்து பேசினாலும், ‘வெடிக்குமா’ என்று கேட்டு அவருக்கு எளிதான பதிலைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டாம். தொட்டியில் இப்போது எத்தனை டன் கிடக்கிறது, இன்னும் எத்தனை ஆண்டுக்கு இடம் இருக்கிறது, வெளி மின்சாரம் அறுந்தால் எத்தனை நாளுக்கு டீசல் கையிருப்பு என்று கேட்கலாம்.